மாமா வாங்கச் சொன்ன பங்கு

என் தங்க அப்பாவுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மறைப்பதற்கில்லை. படமாக எதிரேதான் இருந்தீர்கள்.

மாமா பேச்சைக் கேட்டு, உங்கள் இ.பி.எஃப். ஓய்வுக்காலச் சேமிப்பில் இரண்டு முறை பங்கு வாங்கினீர்கள். இரண்டும் விழுந்தன. "ஒனக்கு ராசி இல்ல மச்சான். தோட்டத்துல லாரி ஓட்டுறவனுக்கு ஷேர் எதுக்கு லா?" என்று மலாய் 'லா' சேர்த்துச் சொல்லி அவர் சிரித்தார். நீங்களும் கூடச் சிரித்தீர்கள். ஏனப்பா சிரித்தீர்கள்?

நீங்கள் மருத்துவமனையில் கிடந்த மாதங்களில், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விலை வரைபடம் படிக்கப் பழகினேன். "என்னம்மா, மலை மலையா இருக்கு?" என்று கேட்டீர்கள். மலைகளின் வடிவத்தை வைத்து எது விழும் என்று கணிக்கலாம், விழப்போகிற பங்கை இரவல் வாங்கி விற்று, விழுந்தபின் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்தால் மிச்சம் லாபம் என்று சொன்னேன். "ஏறிட்டா?" என்றீர்கள். ஏறினால் நஷ்டத்துக்கு எல்லையே இல்லை. அதை உங்களிடம் சொல்லவில்லை.

காரியத்தன்று பந்தியில் மாமா ஒரு கப்பல் கம்பெனிப் பங்கைப் புகழ்ந்துகொண்டிருந்தார். மகள் செல்வியின் கல்யாணப் பணம் முழுவதையும் அதில் போட்டிருக்கிறாராம். அந்த வரைபடத்தை நான் தினமும் பார்த்து வந்தேன். மூன்று மலை, நடுமலை உயரம்: விழப்போவதற்கு அடையாளம். மலையடிவாரங்களை இணைக்கும் கோட்டுக்கும் கீழே விலை முந்தின நாளே இறங்கியிருந்தது. கூச்சத்தை விட்டு வாயைத் திறந்தேன்.

"மாமா, அது விழற மாதிரி இருக்கு. வித்துடுங்க."

"அலமாக், அடேயப்பா! ஊமப் புள்ள பேசுது பாருங்க! யூனிவர்சிட்டி போயி கோடு போடக் கத்துக்கிட்டு வந்திருக்கு. அப்பன் ராசிதானே ஒனக்கும்!"

பந்தியே சிரித்தது, உங்கள் படத்துக்கு முன்னால்.

பங்குச் சந்தைக்கு மதிய இடைவேளை. இரண்டரைக்குத் திறக்கும்வரை அவருக்கு ரசம், மோர், பாயசம் எல்லாம் நானே பரிமாறினேன். இன்னொரு முறை சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. திறந்ததும் அறைக்குள் போய், கைப்பேசியில் அதே பங்கை இரவல் வாங்கி விற்றேன்.

மூன்று வாரம் விழுந்தது. அவருக்கு நஷ்டத்தில் சிவந்த ஒவ்வொரு நாளும் எனக்கு லாபத்தில் பச்சை. இனித்தது அப்பா.

பிறகு செல்வி எழுதினாள்: "அக்கா, கல்யாண மண்டபம் வேணாம்னு அப்பா சொல்லிட்டாங்க. ஒங்களுக்கு முன்னமே தெரியுமாமே. எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே?" மருத்துவமனைக்கு உங்களுக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்தது அவள்தான். அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

நேற்று மாமா வந்தார். இளைத்துவிட்டார். "புதுசா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்மா. வீட்ட அடகு வச்சாவது வாங்கலாம்னு இருக்கேன். நீ அந்தக் கோடு போட்டுப் பாத்துச் சொல்லேன்."

பார்த்தேன். அதுவும் விழும்.

"எனக்கு ராசி இல்ல மாமா" என்றேன்.

அவர் உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் சிரித்தேன், நீங்கள் அன்று சிரித்த அளவுக்கே.

ஒரு வாக்கு தருகிறேன். அந்த வீட்டில் செல்வியும் இருக்கிறாள். இந்தக் கடிதத்தை முடித்ததும், இதுவும் விழும், வீட்டை அடகு வைக்க விடாதே என்று அவளுக்கு எழுதிவிடுவேன். மாமாவுக்கு மட்டும், என் வாயால் சொல்ல மாட்டேன்.

உங்கள் ராசியோடு பிறந்த மூத்த மகள்,
தேவகி