தேவியின் தோலும் பின் சந்துக் காற்றும்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை 6:10. தடிப்பு 14. நேற்று 11. இடது முழங்கை மடிப்பில் மூன்று புதிது, நீர் கசிகிறது. கழுத்தில் நகக்கீறல். அதை எண்ணவில்லை.

வெளியே பனியா புகையா தெரியவில்லை. ஓடைப் பக்கம் எவனோ குப்பை கொளுத்துகிறான், தினமும். மழையைப் பார்த்து மாதங்கள் ஆகின்றன. ஈரப்பதம் படு குறைவு. அக்கா மகள் தேவிக்கு ஆறு வயது, தோல் உப்புத்தாள் மாதிரி.

அக்கா கரப்பான் என்கிறாள். எக்ஸிமா என்று திருத்தினேன்.

"பேர மாத்துனா அரிப்பு நிக்குமாடா?"

என் நடவடிக்கைகள், இதுவரை:
– கன்னத்தில் பூசும் தனாக்கா மரச்சாந்து நிறுத்தம். காய்ந்து வெடிக்கிறது.
– வெள்ளிக்கிழமை சாம்பிராணி நிறுத்தம். அக்கா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.
– ஜனவரி 5 முதல் தேவி படுக்கை பின் அறைக்கு. முன் அறையில் ரோட்டுத் தூசி, பஸ் புகை.
– கம்பெனியிலிருந்து காற்று மானி இரவல். முன் அறை அலமாரி மேல். துகள் குறைவென்றால் பச்சை, கூடினால் சிவப்பு.

கத்தரிக்காய், கருவாடு நிறுத்தியது அக்கா. எனக்கு நம்பிக்கையில்லை. தடுக்கவுமில்லை.

பலன்: பூஜ்யம். எரிச்சல். ஜெனரேட்டர் ஓடவில்லை என்றால் அரை மணியில் காரணம் சொல்லிவிடுவேன், அதுதான் என் பிழைப்பு. ஒரு குழந்தையின் முழங்கை புரியவில்லை.

ஷேவிங் பிளேடு வாங்க.

பிப்ரவரி 13, வியாழன்

தடிப்பு 17. விடியலில் குளிர், பகலில் வறட்டு வெயில். என் உதடே வெடித்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் அக்காவைக் கூப்பிட்டார்கள். தேவியைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். வேறு பிள்ளைகளின் அம்மாக்கள் புகாராம். டீச்சரம்மா, இங்கே ரங்கூனில் எல்லோரும் செயாமா என்போம், நல்லவர்தான். ஆனால்:

"தொத்து இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா திங்கக்கெழமையிலருந்து வரவேணாங்குறாங்க செயாமா." அக்கா குரல் தட்டையாக இருந்தது. அழுது முடித்துவிட்டு வந்த குரல்.

தேவி: "மாமா, நான் தொட்டா யாருக்கும் வராதுல்ல?"

"வராது."

"அப்ப சூசூ ஏன் என் பென்சில வாங்க மாட்டேங்குது?"

சூசூ அவள் வகுப்புப் பிள்ளை. சூசூ மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது. அதற்கும் ஆறு வயது.

மாலை டாக்டரம்மா. கடிதம் கொடுத்தார். களிம்பு. வெதுவெதுப்பான தண்ணீர், ஈரம் காயுமுன் தடவ வேண்டும். 'எது காரணம், ஒன்றே ஒன்று சொல்லுங்கள்' என்றேன். சிரித்தார். இது மெஷின் இல்லையாம். வறட்சி, வியர்வை, தூசி, புகை எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே பலவீனமான தோலைச் சீண்டும். வீட்டில் புகை உண்டா என்று கேட்டார். இல்லை, சாம்பிராணியைக்கூட நிறுத்திவிட்டேன் என்றேன். பெருமையாக.

திரும்பியதும், பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றை யாரோ இழுக்க, மணி அடித்தது. கீழே ஃபலூடா கடை காதர் பாய். கயிற்றுக் கிளிப்பில் ஐஸ் பை மாட்டியிருந்தார்.

"துணியில சுத்தி வைங்கம்மா! பாப்பா சொறியாம தூங்கட்டும்!"

தூங்கினாள்.

பிப்ரவரி 15, சனி

தடிப்பு 19.

மாலை 3:00 மீ போயிற்று, அதாவது கரண்ட். 3:02 கீழே காதர் பாய் ஜெனரேட்டர். ஐஸ் பெட்டிகள் ஓட வேண்டுமே. நான் முன் அறையில் லுங்கியோடு, விசிறிக்கொண்டு.

3:20. பின் அறையிலிருந்து கூச்சல்.

"மாமா! நம்பர் செவப்பாயிருச்சு! இன்னும் ஏறுது!"

மானியை எடுத்துப் போய் விளையாடியிருக்கிறாள்.

"தொடாதேன்னு சொன்னேன்ல?"

"நான் தொடல மாமா. அதுவே ஏறுது."

பிடுங்கினேன். முன் அறைக்குக் கொண்டுவந்தேன், இறங்கிப் பச்சை. பின் அறை, சிவப்பு. மூன்று தடவை. பின் சன்னலில் தலையை நீட்டினேன். இரண்டடி கீழே, ஒரு கை எட்டும் தூரத்தில், ஜெனரேட்டர் புகைக்குழாயின் வாய். புகை நேராக முகத்தில்.

குழாய் நான் வைத்தது.

போன ஆகஸ்டில். முன்பக்கம் மேசையில் உட்காருபவர்களுக்குப் புகை அடிக்கிறது என்றார் பாய். பின் சந்துக்குத் திருப்பி மேலே ஏற்றினேன். வெல்டிங் என்னுடையது. வளைவு எந்தப் பக்கம் என்பது என் முடிவு. ஒரு மணி நேரம் ஓடவிட்டு நின்று பார்த்தேன். புகை ஓடைப் பக்கம் ஒழுங்காகப் போயிற்று. பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது மழைக்காலம், தென்மேற்குக் காற்று. பின் அறை அப்போது தட்டுமுட்டுச் சாமான் அறை, சன்னல் திறந்ததே இல்லை. இப்போது காற்று வடகிழக்கு.

மழை முடிந்தால் காற்று திரும்பும். ரங்கூனில் பிறந்தவனுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டுமா? நாற்றம்கூடப் பிரிந்து தெரியவில்லை. ஊரே டீசல் நாற்றம்.

5:40. மின்வெட்டு அட்டவணையையும் தடிப்புக் கணக்கையும் பக்கத்தில் வைத்தேன். காலை வெட்டு என்றால் அவள் பள்ளியில் இருப்பாள். மாலை வெட்டு என்றால் அந்தக் கட்டிலில். மாலை வெட்டுக்கு மறுநாள் ஏறுகிறது. எல்லா நாளும் அல்ல, இரண்டு நாள் பொருந்தவில்லை. டாக்டரம்மா சொன்னது சரி, ஒரே காரணம் கிடையாது. ஆனால் இது போதும்.

கட்டிலை அங்கே இழுத்துப் போட்டவனும் நான்.

காப்பி குடித்தேன். பின் சன்னலைச் சாத்தினேன்; இன்றிரவு தேவி முன் அறையில்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தடிப்பு எண்ணவில்லை. எண்ணப் பயம்.

காலை அடுப்படியில் அக்காவிடம் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நாந்தான் சொன்னேனேடா."

"எப்போ?"

"கட்டில மாத்துன மறு வாரமே. பின்னாடி பொக வருதுன்னு. நீ மெசினக் காட்டி, பச்சையா இருக்கு, ஒன் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னே."

இந்த நோட்டையே புரட்டினேன். ஜனவரி 12: 'அக்கா: பின் அறையில் புகையாம். மானி பச்சை. மனப்பிரமை.' என் கையெழுத்துதான். மானி முன் அறையில்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. "சாம்பிராணி போட்டதுக்கு என்னைய என்னா பேச்சுப் பேசுனே" என்றாள், அவ்வளவுதான். கையைக் கழுவிவிட்டுக் களிம்பு தடவப் போய்விட்டாள்.

கீழே போனேன்.

"பாய், ஜெனரேட்டர நிறுத்தணும்."

"ஐஸெல்லாம் தண்ணியாப் போவும் தம்பி. என்னா சங்கதி?"

சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம குழாயா? பாப்பாவுக்கா?"

"ஒங்க குழாயில்ல பாய். என் குழாய்."

"நிறுத்துடா. ஐஸ் கெடக்குது." ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு, "நல்ல வேலக்காரப் பயன்னு ஒன்னைய எத்தன கடைக்குச் சொல்லி விட்டேன். அங்கெல்லாமும் இப்படித்தானா?"

மாடிப்படியில் உட்கார்ந்து எண்ணினேன். அவர் சொல்லி வந்த கடைகள் ஒன்பது. அலோன் பேட்டையில் நான்கு, தாமுவே பேட்டையில் ஐந்து. எல்லாவற்றிலும் குழாய் பின் சந்துக்கு. எல்லாம் மழைக்காலத்தில் பார்த்துப் பாஸ் போட்டவை. மேலே சன்னல் இருந்ததா? ஒரு இடம்கூட ஞாபகமில்லை. நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

இனி:

1. கட்டிலும் முன் அறைக்கு, இப்போதே. பின் சன்னலுக்குத் தாழ்ப்பாள். விரிப்பு, தலையணையுறை எல்லாம் துவைக்க.
2. பாய் குழாயை மொட்டைமாடிக்கு மேல் ஏற்ற. அதுவரை என் இன்வெர்ட்டர் அவர் ஐஸ் பெட்டிக்கு.
3. நாளை தேவியை நானே பள்ளிக்கு. கடிதம் செயாமா கையில். சூசூவின் அம்மா வந்தால் பேச. கத்தக் கூடாது.
4. சாம்பிராணி, தனாக்கா பற்றி டாக்டரம்மாவை அக்காவே கேட்கட்டும். நான் வாய் திறக்கக் கூடாது.
5. ஒன்பது கடை. கடைக்காரரிடம் அல்ல, முதலில் மாடிக்கு. கதவைத் தட்டிக் கேட்க: பின் அறையில் யார் படுக்கிறார்கள்?