நூறு வரை எண்ணியும் வராத ஸ

புதன்கிழமை

காயல்பட்டினத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் இன்று மறுபடி வந்தார். நான் கட்டிக்கொடுத்த பல்செட்டை வைத்து முறுக்குகூடக் கடிக்கிறார். “ஆனா ஸ சொன்னா ஷ மாதிரி விழுது, டாக்டரம்மா. பத்து நாளா வேற ஆளுதான் பாங்கு சொல்லுதாரு. நான் கீழ நின்னு கேக்கேன்” என்றார்.

பொருத்திய அன்று ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணச் சொல்லிப் பார்த்தேனே! எல்லாம் தெளிவாகத்தானே வந்தது!

பல்செட்டின் அண்ணப் பக்கத்தில் மாவு தூவி, ஸ சொல்லச் சொன்னேன். நாக்கு படும் இடத்தில் மாவு அழியும். காற்று போக நடுவில் ஒரு சின்ன வழி மிஞ்ச வேண்டும். இவருக்கு முன்பக்கம் முழுக்க அழிந்திருந்தது. அங்கே தடிமன் அதிகம். பையத் தேய்த்தேன். நாலாவது தடவை ஸ சுத்தமாக வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் போனதும் நானே நூறு வரை எண்ணிப் பார்த்தேன். ஒரு ஸ கூட இல்லை. புத்தகம் ஆங்கிலத்தில் எண்ணச் சொல்கிறது; அதில் சிக்ஸ், செவன் என்று ஸ வந்துவிடும். நான்தான் தமிழுக்கு மாற்றியிருக்கிறேன், மடச்சி.

அப்பாவுக்கும் இப்படி எண்ணவிட்டுத்தான் பல் வைத்தேன். ஆராதனையில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லும்போது அவர் மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை என்று போன ஞாயிறுகூடக் கோபப்பட்டேன்.