ஊரில் இல்லாத தலைவி

வில்லோ பெண்ட், மினசோட்டா
9 பிப்ரவரி 1988

அன்புள்ள லவோன்,

வாழ்த்துகள்! நேற்று நம் சிறுவர் பேஸ்பால் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். நீ வரவில்லை. கூட்டத்துக்கு வராதவர் தலையில் தலைவர் பதவியைக் கட்டுவதுதானே நம் ஊர் வழக்கம்? பல்வலி என்று வீட்டில் படுத்துக்கிடந்த தபால்கார மெர்லைப் போன வருடம் அப்படித்தானே பிடித்தோம்! இந்த வருடம் அவனே முந்திக்கொண்டு உன் பெயரைச் சொன்னான். "அவ அரிசோனாவுல மக வீட்ல இருக்கா, எழுந்து நின்னு மறுக்கவா போறா?" என்றான். எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

நான் வழக்கம்போலச் செயலாளர். மைதானத்தில் இன்னும் இடுப்பளவு பனி. அது உருகுவதற்கும் நீ வருவதற்கும் சரியாக இருக்கும். உன் வீட்டுக் குழாய் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை காபிக்கு ஒரே ஒரு கோப்பையை எடுத்துவைக்க இன்னும் கை பழகவில்லை. கிறிஸ்டாவுக்கும் கைக்குழந்தைக்கும் என் அன்பு.

உன்
ஆர்டிஸ்


டூசான், அரிசோனா
20 பிப்ரவரி 1988

அடி பாவி ஆர்டிஸ்,

பேரனை மடியில் வைத்துக்கொண்டு உன் கடிதத்தைப் படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் அவன் பயந்து அழுதுவிட்டான். இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என்னத்தைத் தலைமை தாங்குவது? என் பையன்கள் ஆடி முடித்துப் பல வருடம் ஆகிறது. நீ எனக்குத் துணைக்கு என்று வந்தவள், உனக்குப் பிள்ளையும் இல்லை. "நீங்க ரெண்டு பேரும் இன்னும் எதுக்கும்மா அங்க மாவாட்டுறீங்க?" என்று கிறிஸ்டா கேட்கிறாள்.

போகட்டும், தலைவியாக ஒரே ஒரு உத்தரவு. எந்த அப்பனாவது சண்டைக்கு வந்தால், "லவோன் முடியாதுன்னுட்டாங்க" என்று பழியை என்மேல் போடு. அவன் திட்டுவது இங்கே வரைக்கும் கேட்காது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்ததும் கிளம்பிவிடுவேன். மே மாதம் முதல் ஆட்டத்துக்கு நிச்சயம் அங்கே இருப்பேன்.

உன்
லவோன்


வில்லோ பெண்ட்
24 மே 1988

மாண்புமிகு தலைவி அவர்களுக்கு,

சனிக்கிழமை முதல் ஆட்டம் முடிந்தது. உனக்கு என்று போட்ட நாற்காலியில் கடைசிவரை என் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. ஆள் இன்னும் கிடைக்கவில்லையா?

உன் பெயர் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. குர்ட் ரோனிங்கின் மகன் டாரில் சனிக்கிழமை ஆட்டம் முழுவதும் பந்து வீசினான். திங்கட்கிழமையும் அவனே வீசட்டும் என்று குர்ட் வந்து நிற்கிறான். பன்னிரண்டு வயதுக் கை, ஓய்வு வேண்டாமா? "லவோன் முடியாதுன்னுட்டாங்க" என்றேன். "அந்தம்மாவ ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்" என்று உறுமிக்கொண்டு போனான்.

மைதானத்தில் நாம் நடத்தும் தின்பண்டக் கடையில் இந்த வருடம் டெனீஸ் என்று ஒரு புது அம்மா உதவிக்கு வருகிறாள். ஹாட் டாக்கைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "உண்மையச் சொல்லுங்க ஆர்டிஸ், லவோன்னு ஒருத்தங்க நெஜமாவே இருக்காங்களா, இல்ல நீங்களா கட்டிவிட்டதா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலைக் கடைசியில் இறுதி ஆட்டம். அதற்காவது வந்துவிடு, லவோன். உன் வீட்டுப் புல்லை வெட்டிவைத்திருக்கிறேன்.

உன்
ஆர்டிஸ்


டூசான்
18 ஜூன் 1988

அன்பு ஆர்டிஸ்,

இதை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்கக் கொடுத்துவிட்டேன், வாங்க ஆளும் வந்தாயிற்று. "இங்கயே இருந்துடும்மா" என்று கிறிஸ்டா கேட்டாள். நான் யோசிக்கக்கூட இல்லை, சரி என்றுவிட்டேன். அதை உன்னிடம் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. இந்தத் தெருவில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஆனால் காலையில் என்னைப் பார்த்ததும் குழந்தை கையை நீட்டுகிறான்.

பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன். நீயே தலைவியாக இரு. இல்லையென்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நீயும் இங்கே வந்துவிடேன். ஓர் அறை சும்மாதான் இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை.

என்றும் உன்
லவோன்


வில்லோ பெண்ட்
1 ஆகஸ்ட் 1988

அன்புள்ள லவோன்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. கோபம்தான் காரணம்.

நீ விலகியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வருடம் முடியும்வரை உன் பெயரிலேயே ஓட்டிவிடலாம் என்று இருந்தேன். நேற்று இறுதி ஆட்டம். டாரில் முந்தின நாள்தான் வீசியிருந்தான், முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். குர்ட் நேராக என்னிடம் வந்து, "அந்த லவோன் நம்பரக் குடுங்க, நானே பேசிக்கிறேன்" என்றான்.

வாய்வரை உன் பெயர் வந்தது.

"லவோன் இனிமே வர மாட்டாங்க, குர்ட். வீட்ட வித்துட்டாங்க. நான்தான் சொல்றேன், உன் பையன் இன்னிக்கு வீசக் கூடாது."

"சொல்றதுக்கு நீங்க யாரு? உங்களுக்குப் பிள்ளையா குட்டியா?"

சுற்றி நின்ற எல்லாருக்கும் அது கேட்டது. டெனீஸ் குனிந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. இருந்தாலும் அவன் வீசக் கூடாது" என்றேன்.

டாரில் வீசவில்லை. நம் அணிக்குப் படுதோல்வி. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அடுப்பைக் கழுவிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

இப்படிப்பட்ட நாட்களில் நேராக உன் வீட்டுக்குத்தான் வருவேன். நீ அவனை வண்டை வண்டையாகத் திட்டுவாய். கேட்கக் கேட்க எனக்குப் பசி எடுக்கும். நேற்று உன் வீட்டு ஜன்னலில் யாரோ திரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அறை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நீ மனதாரத்தான் கேட்டாய் என்று தெரியும். நான் வரவில்லை. வியாழக்கிழமை பொடிசுகளுக்குப் பயிற்சி இருக்கிறது, மைதானக் கேட்டைத் திறந்துவிட வேறு ஆள் இல்லை.

உன்மேல் வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வருத்தம்தான், லவோன். உனக்கு அங்கே மகள் இருக்கிறாள், பேரன் இருக்கிறான். எனக்கு இங்கே நீ மட்டும்தான் இருந்தாய்.

பேரன் நடக்க ஆரம்பித்ததும் எழுது. பேஸ்பால் பற்றி இனி நான் உனக்கு எழுத மாட்டேன்.

ஆர்டிஸ்