இருபது தோலுக்கு ஒரு நிறுத்தம்

ஆம்பூர்
12.8.87

அன்புள்ள சௌந்தரம்,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? சங்கரன்கோவிலில் மழை உண்டா?

தோல் கிடங்குக் கம்ப்யூட்டர் மூன்று நாளாக என் உயிரை வாங்கிவிட்டது. வரிக்கு ஒரு தோலாகப் பட்டியலைக் காட்டச் சொன்னால், இருபது வரிக்கு ஒருமுறை நின்று, ஏதாவது பொத்தானைத் தட்டச் சொல்கிறது. ‘டிஸ்ப்ளே’ என்ற கட்டளையின் குணமே அதுதானாம்! ‘லிஸ்ட்’ என்று மாற்றினேன், நிற்காமல் ஓடியது.

உடனே மேஸ்திரி ஜம்புலிங்கம் சண்டைக்கு வந்துவிட்டார். “இன்னா சார் பேஜாரு? இருபது தோலுக்கு ஒரு கட்டு. அது நின்னாத்தானே நாங்க கட்ட முடியும்? பழையபடி மாத்திடுங்க!”

தலையில் அடித்துக்கொண்டு மாற்றினேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பருப்புப் பொடி அனுப்பு. கூடவே நாலு வரி எழுது. உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது; நானும் அப்படியே நிற்கிறேன்.

கோமதிநாயகம்