கை தூக்கியவர்களில் நானும்

அன்பு மகள் சுப்ரஜாவுக்கு அப்பா எழுதுவது. நெல்லையப்பர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், எடின்பரோ குளிரில் நீயும் தொண்டை கட்டாமல் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, குளிக்கக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிக்கிறாள். இதெல்லாம் போனிலேயே சொல்லிவிடுவேன், ஆனால் ஒரு விஷயம் பேச்சில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நம் குடியிருப்பில் மூன்றாம் மாடி வீடு காலியாக இருந்தது உனக்குத் தெரியும். மேலப்பாளையத்துப் பெண், அஸீலா என்று பெயர், பக்கத்துக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள், அதைக் கேட்டு வந்தாள். கணவர் மஸ்கட்டில், கையில் ஆறு மாதக் குழந்தை, கூட மாமியார். இடைவேளையில் ஓடிவந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நம் வீட்டில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சொன்னாள். வீட்டுக்காரர் மும்பையில் இருப்பவர், சங்கத்தில் சரி என்றால் தனக்கும் சரி என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயலாளர் முத்துமாலை, இங்கே எல்லோரும் சைவம், ஒத்துவராது, வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். கிழமை தவறாமல் மீன் வாங்குகிற வீடு இங்கே ஐந்து இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. முன்னால் இரண்டு கை எழுந்தது, பிறகு நாலு, பிறகு எல்லாம். நானும் தூக்கினேனம்மா.

போன மாதம் உன் மனோதத்துவ வகுப்புப் பாடத்தைச் சொன்னாயே, எது நீளமான கோடு என்று கண்ணுக்குத் தெரிந்தும், முன்னால் சொன்னவர்கள் தப்பாகச் சொன்னதால் தானும் தப்பாகச் சொன்னவர்களைப் பற்றி, அப்போது நான் எவ்வளவு சிரித்தேன். கூட்டத்துக்குப் பிறகு இரண்டு நாள் உன் அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் முத்துமாலையிடமே போய், உங்களுக்கு ஏன் அவ்வளவு பிடிக்கவில்லை என்று கேட்டேன். அவர் திகைத்துப்போய், "எனக்கு என்ன இருக்கு பாபநாசம் அண்ணாச்சி, நீங்கள்லாம் சங்கடப்படுவீயளேன்னுதான் சொன்னேன்" என்றார். வீடு வீடாக ஏறி இறங்கினேன், ஒன்பது வீட்டில் இதே பதில், தனக்கு ஒன்றும் இல்லை, மற்றவர்களுக்காகத்தான் என்று. மெய்யாகவே வேண்டாம் என்றது இரண்டே வீடு. இதற்கும் உங்கள் பாடத்தில் ஒரு பெயர் இருக்கும், எனக்குக் கேவலமாகத்தான் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் யாரும் பேசுவதற்கு முன் நான் எழுந்து, போன வாரம் பயந்துகொண்டு கை தூக்கிவிட்டேன், அந்தப் பெண் வரட்டும் என்றேன். முத்துமாலை உடனே எனக்கும் சம்மதம் என்றார், பிறகு சுலபமாகிவிட்டது.

நானே மேலப்பாளையம் போய்ச் சொன்னேன். அஸீலா குழந்தையைத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அன்னைக்கு நீங்களும் கை தூக்குனீயளா சார்?" என்றாள். தூக்கினேன் என்றேன். மாமியார் கொண்டுவந்த தேநீர் என் கையிலேயே ஆறிப்போனது. கடைசியில், அங்கே குழாயில் ஆற்றுத் தண்ணீர் என்னென்ன கிழமை வரும் என்று கேட்டாள்.

புதன்கிழமை குடி வந்துவிட்டார்கள். படியில் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறாள், நம் வீட்டுக்குள் இன்னும் வரவில்லை. அம்மா அவள் மாமியாருக்குக் கருவேப்பிலை கொடுத்துவிட்டிருக்கிறாள், பைய வரட்டும்.

பல் வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா, தள்ளிப்போடாதே, ஒரு வேளையாவது சோறாக்கிச் சாப்பிடு. உன் அப்பாவைப் பற்றி நீ நினைத்து வைத்திருப்பதில் இதையும் சேர்த்துக்கொள், கோபம் வந்தால் சனிக்கிழமை போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க எங்கள் ஆசி.

உன் அன்பு அப்பா,
பாபநாசம்