நீங்க தூங்கினா நானும் தூங்கினேன்

முதியோர் இல்லம், முட்டாரே
4 ஜூன்

அன்பு மகள் ஃபுங்கிசாய்க்கு அம்மா எழுதுவது.

முதலில் நம் பெருமை. உன் அண்ணன் மகன் குபாக்வாஷே ஹராரேயில் இன்ஜினியர் படிப்பில் வகுப்புக்கே முதலாவதாக வந்திருக்கிறான். அவன் தங்கை ஷாமிசோ சர்ச் பாட்டுக் குழுவுக்குத் தலைவியாகிவிட்டாள். உன் மகன் அனேசு அங்கே ஓட்டப் பந்தயத்தில் மெடல் வாங்கியதைச் சாப்பாட்டு அறையில் எல்லாரிடமும் சொன்னேன். காது மந்தமான சிமோயோ தாத்தாவிடம் இரண்டு முறை சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்று தெரியட்டும்.

இனி எழுதுவதை நீ மேட்ரனிடம் சொல்லக் கூடாது. பக்கத்துக் கட்டில் முச்சானேத்தா இரவில் தூக்கம் வராமல் நடையில் உலாவி மாட்டிக்கொண்டாள். தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அதன்பிறகு பகலெல்லாம் கஞ்சிக் கிண்ணத்தின் மேல் தலை தொங்கிக் கிடந்தாள். போன வாரம் கக்கூசுக்குப் போக எழுந்தவள் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுவிட்டார்கள்.

எனக்கும் தூக்கம் இல்லை, மகளே. பகல் வேலைக்காரர்களின் பஸ் கிளம்புவதற்குள் எங்களைப் படுக்க வைத்தாக வேண்டும். வெளியே கோழிகள் இன்னும் மேய்ந்துகொண்டிருக்கும், நாங்கள் போர்வைக்குள். எப்படித் தூக்கம் வரும்? நான் அசையாமல் கிடக்கிறேன். காலையில் செனாய் சிஸ்டர் நம் வழக்கப்படி வணக்கமாகக் கை தட்டி, "தூங்கினீங்களா பாட்டி?" என்று கேட்பாள். தூங்காவிட்டாலும் நம் ஆட்கள் வேறென்ன சொல்வார்கள்? "நீங்க தூங்கினா நானும் தூங்கினேம்மா" என்று நானும் கை தட்டிச் சொல்கிறேன். அவளும் நம்பிக்கொண்டு போகிறாள். அப்படியே இருக்கட்டும்.

உன் அம்மா,
செகேசாய்


லீட்ஸ்
19 ஜூன்

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் வந்த அன்றே மேட்ரனுக்குப் போன் செய்துவிட்டேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

"உங்க அம்மாவுக்கு என்ன, நல்லாத்தான் தூங்குறாங்க. தினம் காலையில அவங்களே சொல்றாங்களே" என்றார். அவரும் நம் ஊர்க்காரர்தானே அம்மா. "அது மரியாதைக்குச் சொல்றது மேடம். மத்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, எல்லாரும் அதையேதான் சொல்வாங்க" என்றேன். பிறகு டாக்டரை வரச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். நான் கேட்டது உங்களை இன்னும் கொஞ்சம் நேரம் உட்கார விடும்படி. அவர் காதில் விழுந்தது மாத்திரை.

அந்த மாத்திரையை நானும் இங்கே இரவு வேலையில் வயதானவர்களுக்குக் கொடுக்கிறவள்தான். மறுநாள் அவர்கள் தள்ளாடுவதையும் பார்க்கிறேன். நீங்களே வாய் திறந்து உள்ளதைச் சொல்லுங்கள் அம்மா. நான் இவ்வளவு தூரத்திலிருந்து கத்தி என்ன பயன்?

இங்கே எல்லாரும் நலம். நானும் நன்றாகத் தூங்குகிறேன்.

உங்கள் மகள்,
ஃபுங்கிசாய்


முட்டாரே
8 ஜூலை

மகளே,

சொல்லாதே என்று எழுதியதையே சொல்லியிருக்கிறாய். உன் அப்பா மாதிரியே பிடிவாதம்.

டாக்டர் வந்தார், மாத்திரை எழுதினார், போனார். அதை நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்து, சிஸ்டர் நகர்ந்ததும் துப்பினேன். எத்தனை நாள் துப்ப முடியும்? முச்சானேத்தாவின் கட்டிலைப் பார்க்க மாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மறுநாள் கஞ்சி வேளையில் செனாய் வழக்கம்போலக் கேட்டாள். நான் கை தட்டவில்லை. "தூங்கலைம்மா. வெளிச்சத்துல கொண்டுபோய்ப் படுக்க வெச்சா யாருக்குத் தூக்கம் வரும்?" என்றேன்.

எல்லாருடைய கரண்டியும் நின்றுவிட்டது. கும்பிட்டவள் முகத்தில் தண்ணீரைக் கொட்டியவளைப் போல என்னைப் பார்த்தார்கள். கிழவிக்கு மரியாதை மறந்துபோச்சு என்று சிமோயோ முணுமுணுத்தார். இந்த மாதிரிப் பேச்சு மட்டும் அவருக்கு நன்றாகக் காதில் விழும். அப்போது ஜன்னலோரம் இருந்தவள் தானும் தூங்கவில்லை என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கடைசியில் சிமோயோவும் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனைவி போனதிலிருந்தே தனக்குத் தூக்கம் இல்லை என்றார்.

செனாய் கஞ்சிக் கரண்டியோடு நின்றாள். "நான் மட்டும் தூங்கினேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நானும் தூங்கல பாட்டி" என்றாள். கைக்குழந்தைக்காரி.

செனாய் எல்லாவற்றையும் மேட்ரனிடம் சொல்லிவிட்டாள். இப்போது, விருப்பப்பட்டவர்கள் இருட்டிய பிறகும் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்காரலாம் என்று மேட்ரன் விட்டிருக்கிறார். மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார். ஆனால் யாராவது தடுக்கி விழுந்தால் பழையபடி சாயங்காலமே படுக்கை, மாத்திரை. அதனால் சுவரைப் பிடித்தே நடக்கிறேன். சிமோயோ வேகமாக நடந்தால் அதட்டுகிறேன். நேற்று கொஞ்சம் கண் அயர்ந்தேன். இது நிலைக்குமா என்றுதான் கவலை.

நீ நன்றாகத் தூங்குவதாக எழுதியிருக்கிறாய். இரவெல்லாம் ஊரார் கட்டிலருகே நின்றுவிட்டு, காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவள் எப்போது தூங்குகிறாய்? உன்னைக் கேட்டுப் பயனில்லை. நீ என் வளர்ப்பு, மரியாதையாகத்தான் பதில் சொல்வாய். உன்னுடைய புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. பவுடர் வேண்டாம், தொப்பி வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் ஜன்னல் பக்கம் நின்று, கண் நன்றாகத் தெரியும்படி எடு.

அம்மா