கழற்றிக் கொடுத்த தொப்பி

மச்சான்,

மில் கேட்டுக்கு எதிரே டூர் வேன் வந்து நிற்கிறது. ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்கிறார்கள். டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் அதிர்கின்றன. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே வந்து லாக்கரைத் திறந்தேன். உன் தொப்பி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

வருஷா வருஷம் வேனில் ஏறும் முன் அதைக் கழற்றி என் கையில் திணிப்பாய். "இத போட்டுக்கினு அங்க உக்கார முடியாதுடா. நீ வெச்சுக்கோ, வந்து வாங்கிக்கறேன்." போகிற இடம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாமல் இல்லை. தலையை விட்டுவிட்டுத் தொப்பியை மட்டும் காப்பாற்றினாயே என்று இப்போது கோபம் வருகிறது.

பாண்டிச்சேரி விடுதிக்குப் போய்ச் சேரும் முன்பே வேனில் பாட்டில் திறந்துவிடும். வேண்டாம் என்று நான் ஆரம்பித்தாலே கேலி பேசுவாய். "பிரயாணம் போனா நாலு ரகஅத்த ரெண்டா தொழுன்னு அல்லாவே டிஸ்கவுண்ட் குடுக்கறான். நீ இன்னாத்துக்குடா பேஜாரு பண்றே?" பயணத்தில் சுருக்கித் தொழும் கஸர் தொழுகையை டிஸ்கவுண்ட் என்று சொன்ன ஒரே ஆள் நீதான். பள்ளிவாசலில் யார் அதைப் பற்றிப் பேசினாலும் எனக்குச் சிரிப்பு வந்து தொலையும்.

கடைசி முறை நீ சிரிக்கவில்லை. "நீயும் வாடா. நீ பக்கத்துல இருந்தா நான் தொடமாட்டேன்" என்றாய். மது பரிமாறுகிற இடத்தில் குடிக்காமல் உட்காருவதும் கூடாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வெள்ளிக்கிழமை பயானில் சொன்னதைச் சொன்னேன். "அங்க வந்து உன்ன நான் காவல் காக்கறதுக்கு, நீ போவாமலே இருக்கலாமே?" என்றேன். தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினாய்.

குடித்துவிட்டுக் கடலில் இறங்கியிருக்கிறாய். மறுநாள் ஆம்புலன்ஸில் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டு வந்தார்கள். குளிப்பாட்டும்போது உன் காதிலிருந்து மணல் வந்துகொண்டே இருந்தது. ஜனாஸா தொழுகையில் குனியும் ருகூவு இல்லை, நெற்றி வைக்கும் சுஜூது இல்லை, நின்றபடியே முடிந்துவிட்டது. இருப்பதிலேயே சுருக்கமான தொழுகை உனக்குத்தான் கிடைத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போயிருந்தபோது உன் அம்மா கேட்டார். "வேணாம்னு சொன்னே, சரி. வேற எங்கனா இட்டுக்கினு போயிருக்கலாமேப்பா? எம்புள்ள கடலப் பாக்கத்தான ஆசப்பட்டான்?" அதை ஹஜ்ரத்திடம் போய்க் கேட்க மனசு வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு வேன் பேசியிருக்கிறேன், பழவேற்காட்டுக்கு. பாட்டில் கிடையாது. வீட்டில் பிரியாணி கட்டித் தருகிறார்கள். நம் ஷிஃப்டு ஆட்கள் சிலர் வருகிறார்கள். மற்றவர்கள் "பாய் வேன்ல போனா வெறும் தண்ணி பாட்டில்தான் கெடைக்கும்" என்று கிண்டலடித்துவிட்டு எதிரே நிற்கிற வேனில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை என்னால் நிறுத்த முடியவில்லை.

பழவேற்காடு பக்கத்து ஊர். கஸருக்குத் தூரம் பத்தாது. டிஸ்கவுண்ட் இல்லை மச்சான். மதிய லுஹரை நான்கு ரகஅத்தும் முழுசாகத் தொழ வேண்டும். கடலைப் பார்த்த கரையில், உன் தொப்பியைப் போட்டுக்கொண்டு தொழுவேன்.